தெரியலைங்க டாக்டர்

எங்கள் டாக்டரிடம் ஒரு பழக்கம் இருந்தது. டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டவரிடம் இருக்கவே கூடாத பழக்கம் என்று மாமா, அதாவது என் மாமனார், கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நோயாளி சொல்வதையெல்லாம் கேட்டு, நாடி பிடித்து, நெஞ்சில் குழாய் வைத்து, எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் நிதானமாக "தெரியலைங்க" என்பார். அதில் வெட்கமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவரிடம் தாராபுரம் வண்டி போய்விட்டதா என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்வார்.

முதல் நாள் அதைக் கேட்டதும் மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காருக்கு வாடகை கொடுத்துக் கோயமுத்தூர் வந்தது இதைக் கேட்கத்தானா, இதைப் பல்லடத்திலேயே சொல்லியிருப்பார்களே என்றார். டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்து, "பல்லடத்துல தெரியலைன்னு சொன்னாங்களாங்க?" என்று கேட்டார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏனென்றால் பல்லடத்தில் அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். கல்யாணமாகி முதல் வருஷம் தாண்டியதும் என் உடம்பு ஒவ்வொன்றாகத் தகராறு செய்ய ஆரம்பித்தது. முடி கொட்டியது. போர் தண்ணீர் உப்பு, அதுதான் என்றார்கள். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. பால் கறந்து பழகாத கை, போகப் போகச் சரியாகும் என்றார்கள். வாயெல்லாம் புண். உடம்புச் சூடு. கன்னம் இரண்டிலும் மூக்கின் மேலும் சிவந்து கறுத்துப் படர்ந்தது. மங்கு விழுந்திருக்கிறது, மஞ்சளைக் கூடப் பூசு என்றார் என் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கண்ணு என்பார். எங்கள் வீட்டில் கேள்விகளுக்குத்தான் பஞ்சமே தவிர, பதில்களுக்கு இல்லை.

அதன் பிறகு காய்ச்சல் வந்தது. கூடவே நெஞ்சுவலி. மூச்சை இழுத்தால் நெஞ்சில் கத்தி வைத்தது போல இருக்கும். படுத்தால் கூடும். தலையணையை மடியில் அடுக்கி அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். வாய்வு என்று பூண்டை வேகவைத்துக் கொடுத்தார் அத்தை. ஊர் டாக்டரும் வாய்வு என்றார். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, இருதயம் பெரிதாகத் தெரிகிறது, அதைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் கோத்திருக்கிறது, நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் காசநோய்தான் காரணம் என்று மாத்திரை எழுதினார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. பெரும்பாலும் அதுதான். அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. காய்ச்சல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்வீட்டார் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். நான் சாகப்போகிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அதை வாயால் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று இந்த டாக்டரிடம் கூட்டிவந்தார்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்து. கீழே மருந்துக்கடை, மாடியில் அவர். மருந்துக்கடைக்காரருக்கு அவரைக் கண்டால் ஆகாது. மாடியிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பாதிப்பேர் வெறுங்கையோடு வந்தால் அந்த மனிதருக்கு எப்படி ஆகும்? எதிர்ச்சாரியில் இன்னொரு டாக்டர் இருந்தார். அங்கே தெருவரைக்கும் கூட்டம் நிற்கும். போனால் ஊசி நிச்சயம். எங்கள் டாக்டரின் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் இல்லாததால் அவருக்கு நேரம் இருந்தது. நேரம் இருந்ததால் கேள்வி கேட்டார். கேள்வி கேட்டதால் கூட்டம் இன்னும் குறைந்தது.

நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு மர ஸ்டூலை இழுத்துப்போட்டு நோயாளியின் முழங்காலுக்கு எதிரே உட்காருவார். ஒல்லியான ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை. சின்னக் குழந்தையிடமும் "நாக்கை நீட்டுங்க" என்றுதான் சொல்வார். என்னிடம் அவர் நெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். உட்கார்ந்துகொண்டு என்றேன். செய்து காட்டச் சொன்னார். நான் முன்பக்கம் கவிழ்ந்து காட்டினேன். அப்படியே இருக்கச் சொல்லிக் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் காதில் குழாயை மாட்டி, "என்னுங்க கேக்குது?" என்றார். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு யாரோ நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இருதயத்தின் மேல் உள்ள உறை வீங்கி ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது என்று விளக்கினார். ஏன் வீங்கியது என்று மாமா கேட்டார். அப்போதுதான் அந்தத் "தெரியலைங்க" வந்தது.

மாமா எழுந்து கீழே போய்விட்டார். டாக்டர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வரும்போது முகத்தில் மஞ்சளும் பவுடரும் இல்லாமல் வாருங்கள் என்றார்.

இது அத்தைக்குப் பெரிய அடி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து அவரே மஞ்சள் பூசி, அதன் மேல் பவுடர் தட்டித்தான் காரில் ஏற்றுவார். நாலுபேர் பார்க்கிற இடத்துக்குக் கட்டின பொண்ணு வெறும் மூஞ்சியோடு போகலாமா என்பது அவர் கட்சி. என்னைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் பார்த்தது அந்த மஞ்சளைத்தான். அத்தை முடியாது என்று சொன்னதும் டாக்டர் பேரம் பேசினார். பொட்டு இருக்கட்டும், பூ இருக்கட்டும், மஞ்சள் மட்டும் ஒரே ஒரு நாள் வேண்டாம் என்றார். அத்தை கிழங்கு மஞ்சளின் சாயம் ஒரு நாளில் போகாது என்று அதிலும் ஒரு தடை சொன்னார். அப்படியானால் நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார் அவர். அன்றைக்கு மருந்து எழுதவில்லை. வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை.

நான் வெறும் முகத்தோடு போனபோது ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பார்த்தார். மங்கு என்றால் வலிக்காது, வெயிலில் போனால் எரியாது. இது எரியுமா என்று கேட்டார். எரியும் என்றேன். பிறகு வரிசையாக முடி, வாய், விரல் என்று அவராகவே கேட்டார். எதிர்வீட்டுக் கதை வரைக்கும் நானும் சொன்னேன். அதுவரை முடிக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கே தோன்றியதில்லை. நெஞ்சுவலிக்கு வந்த இடத்தில் உப்புத் தண்ணீர்க் கதையை யாராவது சொல்வார்களா?

ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பினார். பதில் வந்த பிறகும் நோயின் பெயரைச் சொல்ல யோசித்தார். "லூபஸ்னு சொல்றாங்க. இப்போதைக்கு அதுதான்னு வெச்சுக்கலாமுங்க" என்றார். மாமாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு கதை சொன்னார். தோட்டத்துக்குக் காவலுக்கு வளர்த்த நாய் கிறுக்குப் பிடித்துப்போய் பட்டிக்குள் பூந்து நம் ஆட்டையே கடிக்கிறது. உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தி இருக்கிறதே, அதுதான் அந்த நாய். முடியைக் கடித்தது, மூட்டைக் கடித்தது, இப்போது இருதயத்தின் உறையைக் கடிக்கிறது.

மாமா விவசாயி வீட்டுப் பிள்ளை. சட்டென்று, நாயை அடித்துக் கொன்றுவிட்டால் என்ன என்றார்.

"அப்புறம் நரி வருமுங்க" என்றார் டாக்டர். "கட்டித்தான் வெக்கோணும். கவுத்தைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடோணும்."

நாய்க்கு ஏன் கிறுக்குப் பிடித்தது என்று மாமா கேட்டார். வழக்கமான பதிலே வந்தது. ஆனாலும் அந்த நாய்க் கதை மாமாவுக்குப் பிடித்துப்போனது. திரும்பிப்போகும் வழியில் சூலூர் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். தெரியலைங்க டாக்டர் என்று பெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

காசநோய் மாத்திரை நின்றது. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பமானது. ஒரு வாரத்தில் நான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அந்தச் சுகம் வேறு எந்தச் சுகத்திலும் சேராது. நிமிர்ந்து படுத்துக் கூரையைப் பார்ப்பது இவ்வளவு பெரிய காரியமா என்று அழுகை வந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை அவரிடம் போவேன். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் காய்ச்சலோடு வந்தார். இவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னார். டீச்சர் எதிர்ச்சாரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு குணமாகி, அதைச் சொல்லிக்காட்டுவதற்கென்றே மாடியேறி வந்தார். இவருக்கு முகம் சுண்டவில்லை. என்ன ஊசி என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். நல்லதுங்க என்றார். ஊசியாலா, தானாகவா என்பதுதான் தெரியவில்லை என்று சேர்த்துக்கொண்டார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப்போனார். எனக்கே அன்று அவர் மேல் எரிச்சல் வந்தது. ஒரு தடவையாவது ஆமாம் என்று சொன்னால் என்ன?

அவர் மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவார். வாயாடி. பெண் பார்க்க வந்த கதையை ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் சொன்னார். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டபோது மாப்பிள்ளை அரைமணி நேரம் யோசித்துவிட்டுத் தெரியலைங்க என்றாராம். "இத்தன வருசம் ஆச்சுங்க. இன்னும் பதில் வல்லீங்க" என்று சிரித்தார். உள்ளே அவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இத்தனை தெரியாதவர் ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் திட்டமாகச் சொல்வார். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூடக் கூடாது. அவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. எப்போதும் தெரியலை என்று சொல்கிறவர் வாயிலிருந்து வருகிற கூடாது எங்கள் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. அதட்டுகிற டாக்டர் சொல்லியிருந்தால் ஏறியிருக்கும். அவருடைய குணத்தில் இருந்த ஆபத்து அதுதான். அதை அவரும் அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாத்திரை என் முகத்தை ஊதவைத்தது. கன்னம் உப்பி, முகம் முழுநிலா ஆகிவிட்டது. டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார், மருந்தின் கோளாறு, பிறகு வடியும் என்று. ஆனால் அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் எப்படித் தேறிவிட்டாள் என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒல்லியாக இருந்தால் நோய், உப்பியிருந்தால் சுகம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அத்தைக்கு அப்படிப் பெருமை. என்னைக் காப்பாற்றித்தரும்படி அவர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்தார். வேண்டுதல் முடிந்த மறுநாள், ஆத்தா கொடுத்த உடம்புக்கு இனி எதற்குக் கண்ணு இந்த விஷம் என்று மாத்திரையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். தினமும் எண்ணிக் கொடுத்தது அவர் கைதான். நிறுத்தியதும் அதே கைதான். எனக்கும் என் உப்பிய முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

நாய்க்குக் கயிறு அறுந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பழைய வலி, பழைய காய்ச்சல், அதோடு முன்பு இல்லாத மூச்சுத் திணறல். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க முடியவில்லை. ஒரு காலை நேரத்தில் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். டாக்டர் மாடியிலிருந்து இறங்கிவந்து காரிலேயே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்ததும் அவர் விரலுக்கு அடியில் நாடி மங்கியதை அவர் முகத்தில் பார்த்தேன். உறைக்குள் நீர் நிரம்பி இருதயத்தை நெருக்குகிறது, இப்போதே எடுத்தாக வேண்டும் என்றார். கதவைச் சாத்தக்கூட மேலே போகாமல் அப்படியே காரில் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இருதய டாக்டர் ஒருவர் தயாராக இருந்தார். நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி நீரை இழுக்க வேண்டும். ஊசி போகிற இடம் துடிக்கிற இருதயத்துக்குப் பக்கத்தில். உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஸ்ட்ரெச்சரைக் கொஞ்ச நேரம் வராந்தாவில் நிறுத்தினார்கள். படுக்க முடியாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். காது மட்டும் நன்றாகக் கேட்டது.

அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூசவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எங்கள் டாக்டர் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையாலும் அவர் காலைத் தொடப் போனார். அவர் குனிந்து, தானும் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"நாந்தானுங்க மாத்தரையை நிறுத்திப்போட்டேன்" என்றார் அத்தை. "இவுங்க ஆருக்குந் தெரியாதுங்க. நாந்தான். பொளைச்சுக்குவாளுங்களா?"

வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். அந்த நிலையிலும் அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

"பொளைச்சுக்குவாங்கம்மா" என்றார். யோசிக்கவே இல்லை. "எனக்குத் தெரியும்."

பிழைத்துக்கொண்டேன் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இழுத்த நீர் கள்ளிப்பழச் சாறு கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்ததாம். எடுத்த உடனேயே மூச்சு விட முடிந்தது. மாத்திரை மறுபடி ஆரம்பமானது. மறுபடி முகம் உப்பியது. இந்த முறை சொந்தக்காரர்கள் தேறிவிட்டாள் என்றால் அத்தை, மருந்துங்க அது, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க என்றுவிடுவார். அத்தையிடம் யாரும் குற்றம் சொல்லவில்லை. டாக்டரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற வேலையை அத்தையிடமிருந்து வாங்கிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, வேண்டாம், அவங்களே கொடுக்கட்டும் என்றார். அதன் பிறகு ஒரு வேளை தப்பியதில்லை.

அத்தை அவரிடம் வைத்தியத்துக்கு ஆளனுப்ப ஆரம்பித்தார். பல்லடம், கொடுமுடி, எங்கெல்லாம் சொந்தம் இருக்கிறதோ அங்கெல்லாம் இருந்து ஆள் போனது. போனவர்கள் முக்கால்வாசிப் பேர் கடுப்போடு திரும்பிவந்தார்கள். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அத்தை அசரவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார் என்பார்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். மாத்திரையைப் பாதியாகக் குறைத்த அன்று நான் தனியாகப் போயிருந்தேன். கிளம்பும்போது கேட்டுவிட்டேன். எதற்கும் தெரியலை என்கிறவர் அன்றைக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று சொன்னீர்கள், நான் பிழைப்பேன் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று.

ஸ்டூலிலிருந்து எழுந்து போய்க் கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க அம்மணி" என்றார். "உங்குளுக்கு ஊசி போடறதுக்கு ஒரு டாக்டர் இருந்தாரு. அந்தம்மாவுக்கு ஆருமில்லீங்களே."

வாரேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். அதுவரை அவர் மேல் எனக்கு இருந்தது நன்றிதான். பாசம் வந்தது அந்த மாடிப்படியில்தான்.

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று அத்தை கேட்டார். மாத்திரையைக் குறைத்திருக்கிறார் என்றேன். அவருக்குத் தெரியும் கண்ணு என்று சொல்லிக்கொண்டே அத்தை பாதி மாத்திரையை உடைத்து என் கையில் வைத்தார். ஆமாங்கத்தை என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன்.